கூடாரத்துக்குள் ஆரஞ்சுப் பழம்

என் கணவரால் ஓரிடத்தில் உட்கார முடியாது. கல்யாணமான புதிதில் அதைச் சுறுசுறுப்பு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். டெக்ஸஸில் இர்விங்குக்குக் குடிவந்து, அங்கே லாஸ் கொலினாஸ் பகுதியில் ஒரு நிறுவனத்தின் சர்வர்களைக் கட்டி மேய்க்கும் வேலையில் அவர் சேர்ந்த பிறகு, அந்தச் சுறுசுறுப்பு வேறு ஏதோவாக மாறிப்போனது. சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் ஃபோன். கோயிலில் கண்ணை மூடி நிற்கும்போது சட்டைப்பைக்குள் ஒரு கை. இந்த ஊர் தியேட்டர்களில் இடைவேளை கிடையாது. அவராகவே நாலைந்து இடைவேளை விட்டுக்கொண்டு வெளியே போய்ப் பேசிவிட்டு வருவார்.

ஆப்பிரிக்கா போகலாம் என்று ஆரம்பித்தது எங்கள் மகள். எட்டாம் வகுப்பு. விலங்குகளைக் கூண்டில் பார்க்க மாட்டேன் என்று பள்ளியின் மிருகக்காட்சிசாலைச் சுற்றுலாவுக்குப் போக மறுத்தவள். இவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றுதான் நினைத்தேன். உடனே சரி என்றார்.

"அங்க சிக்னலே சரியா கிடைக்காதாம். நல்லதுதானே? நானும் கொஞ்சம் ஸ்விட்ச் ஆஃப் பண்ணிக்கிறேன்."

கென்யாவில் ஒரு ஆற்றங்கரையில் இருந்த சிறிய முகாமை புக் பண்ணினோம். கிளம்புவதற்குள் வீட்டில் நடந்த சண்டைகள் எல்லாம் பைகளைப் பற்றித்தான். ஊருக்குப் போவதென்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒரே வழி. சக்கரம் வைத்த பெரிய பெட்டிகளை நிரப்பி, குளியலறை எடை மிஷினில் ஏற்றி இறக்கி மூடுவது. முகாமுக்குப் போகிற விமானமோ சிறியது. கெட்டியான பெட்டி உள்ளே நுழையாது, மடங்கக்கூடிய துணிப்பைதான் வேண்டும் என்று முகாமில் சொல்லியிருந்தார்கள். இவர் கேட்கவில்லை. "அதெல்லாம் சும்மா சொல்வாங்க" என்றார். நான் ரகசியமாக மூன்று துணிப்பைகளைப் பெட்டிக்குள் மடித்து வைத்தேன். நைரோபியில் அந்தக் குட்டி விமானத்தின் வாசலில், எல்லாவற்றையும் தரையில் கொட்டிப் பைகளுக்கு மாற்றினோம். காலிப் பெட்டிகளை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு ஏறினோம். போகிறவர்கள் இதையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது நிறம். கருநீலமும் கறுப்பும் அங்கே கடிக்கிற ஒருவகை ஈயை இழுக்குமாம். என் கணவரிடம் இருந்த டீ-ஷர்ட் எல்லாம் ஆபீசில் இலவசமாகக் கொடுத்த கருநீலம். கடைக்குக் கூட்டிப்போய் மண் நிறத்தில் வாங்கிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றவரைப் பார்த்து மகள், "அப்பா, யூ லுக் லைக் எ ஜூகீப்பர்" என்றாள். அவளுக்குத் தமிழ் முழுக்கப் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும்.

முகாம் அழகாக இருந்தது. மரங்களுக்கடியில் தள்ளித் தள்ளிக் கூடாரங்கள், உள்ளே நிஜமான கட்டில், பின்னால் குளியலறை. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் போன எங்களுக்கு விடியற்காலை ஜீப்பில் பல் கிட்டியது. ஸ்வெட்டரும் குல்லாவும் கொண்டுபோயிருந்த ஒரே ஆள் மகள். சைவச் சாப்பாடு பற்றி நான் பயந்திருந்தேன். முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பருப்பும் சப்பாத்தியும் செய்து வைத்திருந்தார்கள். நான் கொண்டுபோன முறுக்கையும் புளிக்காய்ச்சலையும் முகாமின் மேலாளர், ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி, சிரித்துக்கொண்டே வாங்கிச் சமையலறையில் வைத்தார். கூடாரத்தில் சாப்பிடுகிற பொருள் எதுவும் இருக்கக்கூடாது, ஜிப்பை எப்போதும் மூடிவைக்க வேண்டும், இருட்டிய பிறகு காவலர் துணையில்லாமல் வெளியே வரக்கூடாது, பகலிலும் சுற்றிப் பார்த்துவிட்டே நடக்கவேண்டும் என்றார். விலங்கு எதிரே வந்தால் ஓடக்கூடாது. அதை இரண்டு தடவை சொன்னார்.

இவர் தலையாட்டிவிட்டு, "வைஃபை எங்கே வரும்?" என்று கேட்டார்.

சாப்பாட்டுக் கூடாரத்தில் மட்டும் வந்தது, அதுவும் நினைத்தால் வரும். அன்றிலிருந்து எங்கள் கூடாரத்துக்கும் அதற்கும் இடையே அவர் ஒரு தடம் போட்டுவிட்டார். ஜீப்பில் சிங்கத்துக்குப் பக்கத்தில் இன்ஜினை அணைத்து எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, இவர் முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். முன்சீட்டிலிருந்த வழிகாட்டி திரும்பி அந்த முழங்காலைப் பார்ப்பார். எனக்கு அவமானமாக இருக்கும். சிங்கத்தைப் பார்ப்பதா இவரைப் பார்ப்பதா என்று எனக்கும் நிலைகொள்ளவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டு எல்லாரும் படுத்திருந்தார்கள். வெயிலில் முகாம் அசையாமல் கிடந்தது. "அஞ்சு நிமிஷம், ஒரே ஒரு மெயில் பார்த்துட்டு வந்துடறேன்" என்று இவர் கிளம்பினார். நான் கட்டிலில் சாய்ந்திருந்தேன். மகள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

சத்தமே கேட்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றும் நம்பமுடியவில்லை. கொசுவலை ஜன்னலில் இருந்த வெளிச்சம் போயிற்று, அவ்வளவுதான். மேகம் என்று நினைத்தேன். பிறகு அந்த மேகத்துக்கு மடிப்பு மடிப்பாகத் தோல் இருந்தது தெரிந்தது. அதன் வயிற்றுக்குள் அண்டா உருள்வதுபோல ஒரு ஓசை, என் பாதத்தில் அதிர்ந்தது.

கூடாரத்தின் முன்துணி உள்பக்கமாக உப்பியது. கீழே ஜிப் முடியுமிடத்தில் தும்பிக்கையின் நுனி நுழைந்தது. ஈரமாக, ரோஜா நிறத்தில், விரல் மாதிரி தடவித் தடவி வந்தது. நான் எழுந்து மகளை இழுத்துக் கத்த வாயைத் திறந்தேன்.

அவள் என் வாயைப் பொத்தினாள். காதோரமாக, "அம்மா, பேசாத. அசையாத. நான் இருக்கேன்" என்றாள்.

தமிழில். எந்த இழுவையும் இல்லாமல், என் அம்மாவிடம் ஊரில் ஒரு குழந்தை பேசுவதுபோல.

இருவரும் கட்டிலுக்குப் பின்னால் குளியலறைத் திரையோடு ஒட்டிக்கொண்டோம். ஜிப் கிழிந்தது. தும்பிக்கை நேராக அவளுடைய முதுகுப்பைக்குப் போய், அதன் வாரைப் பிடித்து, மெல்ல வெளியே இழுத்துக்கொண்டது. காலையில் ஜீப்பில் கொடுத்த இரண்டு ஆரஞ்சுப் பழங்கள் அதில் இருந்தது அப்போது எனக்குத் தெரியாது. வெளியே ஏதோ நொறுங்கியது. அவளுடைய பைனாகுலர்.

பிறகு ஒரு ஜீப் மெதுவாக உறுமிக்கொண்டு பக்கவாட்டில் வந்தது. ஹாரன் இல்லை, கூச்சல் இல்லை. யானை ஒருமுறை காதை விரித்துப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் ஆற்றுப்பக்கம் நடந்தது.

என் கணவர் அந்த நேரம் முழுக்கச் சாப்பாட்டுக் கூடாரத்துக்கு வெளியே ஒரு மரத்தடியில் நின்றிருந்தார். திரும்பி வரும் வழியில் யானையைப் பார்த்து ஓடிவரப் பார்த்தவரை, வழிகாட்டி தோளைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். நீங்கள் ஓடினால் அது மிரளும், மிரண்டால் கூடாரத்தின் மேல்தான் திரும்பும் என்று சொல்லியிருக்கிறார். அதனால் நின்றார். தன் மனைவியும் மகளும் இருக்கிற துணிச்சுவருக்குள் யானை மூக்கை விடுவதைப் பார்த்தபடி, விரலைக்கூட அசைக்காமல் நின்றார்.

உள்ளே வந்தபோது அவருடைய சட்டை நனைந்திருந்தது. மகளைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமே பண்ண முடியலடி" என்றார். என்னிடம் திரும்பி மறுபடியும், "என்னால ஒண்ணுமே பண்ண முடியல."

"ஒண்ணும் பண்ணாம நின்னீங்கல்ல? அதனாலதான் நாங்க இருக்கோம்" என்றேன்.

மகள் அழ ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். பழத்துக்காக. "ஐ ஃபர்காட், ஐ ஃபர்காட்" என்று அழுதாள். மேலாளர் வந்து அவளைத் திட்டவில்லை. வேறு கூடாரத்துக்கு மாற்றினார். எங்கள் பைகள் ஒவ்வொன்றையும் எங்கள் முன்னாலேயே திறந்து பார்த்தார். என் கைப்பையின் அடியில் இருமல் மிட்டாய் கிடந்தது. அதையும் வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஜீப்பில் இவர் முழங்கால் ஆடவில்லை. மாறிவிட்டார் என்று எழுத ஆசைதான். மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கே ஃபோனோடு வந்துவிட்டார்.

மாறியது நான். டெக்ஸஸ் திரும்பிய பிறகு என்னால் உட்கார முடியவில்லை. அபார்ட்மெண்ட் ஜன்னலில் வெளிச்சம் மாறினால் எழுந்துவிடுவேன். என் ஆபீஸ் மீட்டிங்கில் யாரோ பேசிக்கொண்டிருக்க, என் பாதங்கள் தரையில் எதையோ கேட்டுக்கொண்டிருக்கும். மகளின் ஸ்கூல் பையைத் தினமும் திறந்து பார்த்தேன். "அம்மா, ஸ்டாப்" என்பாள். தமிழ் மறுபடி அவளுடைய வாயிலிருந்து காணாமல் போயிருந்தது. ஒருநாள் கார் ஓட்டும்போது கேட்டேன், அன்றைக்கு மட்டும் எப்படி தமிழ் வந்தது என்று. தோளைக் குலுக்கிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போன வருஷம் கலிஃபோர்னியாவில் இருக்கிற டப்ளினிலிருந்து என் நாத்தனார் கூப்பிட்டாள். அவர்களும் போகிறார்களாம், அதே முகாமுக்கு.

"அண்ணி, என்னென்ன பேக் பண்ணணும்னு சொல்லுங்க."

சொன்னேன். துணிப்பை, மண் நிறம், காலைக்கு ஸ்வெட்டர், இங்கேயே சாப்பிட ஆரம்பிக்க வேண்டிய மலேரியா மாத்திரை. பழத்துக்கு வந்ததும் என் குரல் ஏறிவிட்டது போலிருக்கிறது.

"பயமுறுத்தாதீங்க அண்ணி. பசங்க கேட்டுட்டு இருக்காங்க."

அவர்கள் அங்கே இருந்த வாரம் முழுவதும் நான் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். ஃபோன் என் கையில். என் கணவர் சோபாவில் படுத்தபடி, "கொஞ்சம் உட்காரேன்" என்றார், வெகு நிதானமாக.

நாத்தனார் சான்ஃபிரான்சிஸ்கோவில் இறங்கியதும் கூப்பிட்டாள். "ஒண்ணுமே நடக்கல அண்ணி. சிங்கம் எல்லா நாளும் தூங்கிட்டே இருந்துச்சு. யானை தூரத்துல போச்சு, அவ்ளோதான். பசங்களுக்கு போர்."

"அப்பாடா" என்றேன். ஃபோனை வைத்த பிறகுதான், எனக்குள் லேசாக ஏமாற்றமும் இருப்பது தெரிந்தது.