ஒயர் இல்லாத ஃப்ளாஷுக்காக ஒரு சேலம் பயணம்

மல்லசமுத்திரம் சுற்றுவட்டாரப் பெருமக்களுக்கு மிகுந்த பணிவுடன் அறிவித்துக்கொள்வது: எங்கள் வீட்டு விசேஷங்களில் இனி யாரும் ஃப்ளாஷ் ஒயர் தடுக்கி விழமாட்டார்கள்.

அக்காவின் நிச்சயதார்த்தத்தில், கேமராவிலிருந்து ஓரமாக நிறுத்திய இன்னொரு ஃப்ளாஷுக்கு நான் இழுத்திருந்த பத்தடி ஒயரில் சித்தப்பா கால் மாட்டி, தாம்பாளத்தோடு சம்பந்தி மடியில் போய் உட்கார்ந்தார். "ஒயரோட மணவறைப் பக்கம் வந்தீன்னா கேமராவைப் புடுங்கி அட்டாலியில போட்டுருவேன்" என்றார் அப்பா. அக்காவோ, தாலி கட்டும்போது பின்னாலிருந்து வெளிச்சம் விழுந்து தலைப்பூ மினுங்குகிற மாதிரி ஒரே ஒரு படம் கேட்டிருந்தாள். ஆக, 1987 தை மாதம், கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கையில் கேமராவையும் ஃப்ளாஷ்களையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

காலை 6.40 பஸ். சேலம் 28 கிலோமீட்டர், டிக்கெட் 2 ரூபாய் 80 காசு.

"ஏஞ்சாமி, பையில என்ன?" என்றார் கண்டக்டர்.

"வெளிச்சமுங்க."

"அதுக்கு லக்கேஜ் இல்ல. நகந்து உக்காரு."

ஆட்டையாம்பட்டியில் ஐந்து நிமிஷம் நிற்கும். கைமுறுக்கு வாங்க அது போதும். கடித்து முடிக்கச் சேலம் வரை நேரமிருக்கிறது.

ஒன்பதரைக்குக் கேமரா கடை திறந்தது. கடைக்கார அந்தோணி அண்ணன் இரண்டு சாமான்களை எடுத்து வைத்தார். ஒன்று ரேடியோவில் வேலை செய்யும் ஜோடிப் பெட்டி, 1,100 ரூபாய். இன்னொன்று தீப்பெட்டி அளவில் ஒரு 'கண்', 85 ரூபாய். கேமராவிலுள்ள ஃப்ளாஷ் மின்னுவதைப் பார்த்ததும், தன்னோடு மாட்டியிருக்கும் ஃப்ளாஷை அது எரிய வைக்கும்.

"எது வேணும்?"

"ரேடியோ காசுக்கு எருமையே வாங்கலாமுங்கண்ணா. அது பாலாவது கறக்கும்."

கடைக்குள் சோதித்தால் எல்லாமே வேலை செய்யும், தெருவில் சோதியுங்கள். நான் எதிர் டீக்கடையில் பாய்லருக்குப் பின்னால் கண்ணையும் ஃப்ளாஷையும் நைசாக வைத்துவிட்டு, பதினெட்டு அடி தள்ளி நின்று கேமராவை அமுக்கினேன். பளீர்!

"ஐயோ, பாய்லரு வெடிச்சிருச்சு!" டீ மாஸ்டர் கிளாஸோடு ரோட்டுக்கே வந்துவிட்டார். "எவன்டா அவன்?"

"சரக்கு நல்லாருக்குல்ல? எடுத்துக்கிட்டு ஓடிரு தம்பி" என்றார் அந்தோணி அண்ணன்.

12.10 பஸ்ஸில் திரும்பினேன். ஒயர் போனது, நான் உயர்ந்தேன்!

முகூர்த்தத்தன்று மணவறைக்குப் பின்தூணில் கண்ணோடு சேர்த்து ஃப்ளாஷைக் கட்டினேன். அப்பா கீழே தேடினார். "எங்கடா ஒயரு?"

"காத்துல போகுதுங்கப்பா." அமுக்கிக் காட்டினேன். தூண் மின்னியது.

"அட, பரவால்லயே!" அப்பா வாயிலிருந்து வந்ததுங்க இது!

படம் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. குனிந்த தலை, தாலி முடியும் கைகள், மல்லிகை ஒவ்வொன்றிலும் வெள்ளி ஓரம். வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள்.

போகிறவர்களுக்கு: உங்கள் ஃப்ளாஷைக் கையோடு கொண்டுபோய், அதன் அடியிலுள்ள மாட்டுமுனை கண்ணில் பொருந்துகிறதா என்று பாருங்கள். கண்மேல் நேர்வெயில் பட்டால் அது மக்கர் பண்ணும், நிழலில் வையுங்கள். முக்கியமாக, அதற்கு நம் ஃப்ளாஷ், அடுத்தவர் ஃப்ளாஷ் என்ற பேதம் கிடையாது.

எப்படித் தெரியும் என்றால்... மாப்பிள்ளை வீட்டார் சங்ககிரியிலிருந்து கூட்டிவந்த போட்டோக்காரர், தாலி கட்டும்போது எனக்கு அரை நொடி முன்னால் அமுக்கிவிட்டார். தூணிலிருந்த என் ஃப்ளாஷ் அவருக்காக எரிந்தது. மறுபடி சார்ஜ் ஏற எட்டு நொடி. என் படத்தில் அக்கா முகம் இருக்கிறது, பூ இருட்டில் கிடக்கிறது. சுவரில் தொங்குவது அவர் எடுத்தது; அக்காதான் தன் ஆல்பத்திலிருந்து உருவிக் கொடுத்தாள்.

"யாரு புடிச்சது?" என்று கேட்பவர்களிடம், "வெளிச்சம் நம்முளுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.