டோக்கன் 37, மாலை 4.40

இது கட்டுக்கதை என்று யாராவது சொன்னால், திருப்பதியில் இருக்கும் சிவசங்கரி தன் செல்போனை எடுத்து நீட்டுவாள். அந்த ஒரு அழைப்பை மட்டும் அவள் இன்னும் அழிக்கவில்லை.

போன ஜூன் மாதம். பங்காருபாளையம் மாங்காய் மண்டி ஒன்றுக்கு டோக்கன் வெப்சைட் செய்து கொடுத்திருந்தாள். வண்டி கேட்டுக்குள் நுழையும்போது டோக்கனை ஸ்கேன் செய்தால் நேரம் பதிவாகும். சர்வர் உலகப் பொது நேரத்தில் எழுதும். நம் நேரம் காட்ட அஞ்சரை மணி நேரம் கூட்ட வேண்டும். பாழாய்ப்போன ப்ரோகிராம் அதை இரண்டு தடவை கூட்டித் தொலைத்தது. காலை ஆறு மணிக்கு வந்த வண்டி பதினொன்றரைக்கு வந்ததாகக் காட்டியது. மண்டி மேனேஜர் நாகபூஷணம் விடிந்ததிலிருந்து அவளைப் போனில் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு முதலாளி பதிவுகளைப் பார்ப்பார். தப்பு இருந்தால் கான்ட்ராக்ட் போச்சு.

11.25க்குச் சரிசெய்து முடித்தாள். எல்லாப் பதிவும் சரியாகிவிட்டது. ஒன்றைத் தவிர.

டோக்கன் 37. பாலையா, சத்தியவேடு. உள்ளே வந்த நேரம், இன்று மாலை 4.40.

இன்னும் மதியமே ஆகவில்லை...

ப்ரோகிராமை வரி வரியாகப் பார்த்தாள். தப்பே இல்லை. எரிச்சலில் அழுகை வந்தது. 11.32க்குப் பாலையாவுக்கே போன் போட்டாள்.

"ஐயா, மண்டிக்கு வந்துட்டீங்களா?"

"எங்கம்மா... பாகாலாகிட்ட டயர் வெடிச்சி ரோட்டோரம் நின்னுக்கினு கீறேன். வர சாயங்காலம் ஆவும்."

பின்னால் ஒரு ஹாரன் சத்தம். நீளமாக... விடாமல்...

அப்படியானால் கேட்டில் ஸ்கேன் ஆனது எப்படி?

யோசிக்க நேரமில்லை. பதிவை அழித்தால் அவர் டோக்கன் ரத்தாகும், காய் வண்டியிலேயே அழுகும். பாவம் பார்த்தாள். அஞ்சரை மணி நேரத்தைக் கையால் குறைத்து, காலை 11.10 என்று மாற்றினாள்.

அப்போது மணி 11.40.

மாலை 4.40 ஆனது. பாலையா வரவில்லை. மறுபடி அதே நம்பருக்குப் போட்டாள். மகன் பவன்குமார் எடுத்தான்.

"நைனா பூட்டாருங்க. டயர் மாத்திக்கினு இருந்தப்போ லாரி ஒண்ணு இடிச்சிட்டுச்சி, அங்கயே உசுரு போச்சி. அந்த லாரி ஹாரன் சிக்கிக்கினு அரை மணி நேரம் கத்திச்சாம்."

"எப்போ?"

"காலைல. பதினொண்ணு பத்துக்குன்னு போலீஸ் எழுதியிருக்காங்க."

அவள் போனைப் பார்த்தாள்.

பாலையாவோடு பேசியது 11.32. இரண்டு நிமிடம்.

அந்தப் பதிவை மறுபடி 4.40 ஆக்கினாள்...

போனவர் வரவில்லை.

அந்த 4.40ஐத் தொடாமல் விட்டிருந்தால் வந்திருப்பாரோ என்று மட்டும் அவளிடம் யாரும் கேட்பதில்லை.