மொசாம்பிக்கில் நின்ற கப்பல்

ராயபுரம் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட நிற்கிறேன். முன்னால் நிற்பவன் என் தம்பி, எங்களுக்குள் பேச்சில்லை. துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதியது.

அப்போதெல்லாம் நைனாவுக்குக் கப்பலில் வேலை. மொசாம்பிக்கில் முதன்முதலாகப் பல கட்சிகள் நின்ற தேர்தலுக்கு, மூட்டை இறக்குகிறவர்கள் எல்லாரும் ஓட்டுப் போடப் போய்விட, கப்பல் அங்கேயே நின்றது. தம்பி பிறந்த பிறகுதான் நைனா வீடு வந்தார், சட்டையெல்லாம் டீசல் நாற்றத்தோடு.

"எவனோ ஓட்டு போட்டா உனுக்கு இன்னாயா லேட்டு?" அம்மா பிள்ளையை அவர் மடியில் பொத்தென்று வைத்தாள்.

"போர்ச்சுகீஸ்காரன் போனப்புறம் அவங்களுக்குள்ளயே சுட்டுகினு கெடந்தாங்கமே. இப்ப ரெண்டு கும்பலும் ஒரே லைன்ல நிக்குது. பாத்துகினே நின்ட்டேன்."

நானும் தம்பியும் அடித்துக்கொண்டது, வீட்டு மாடிப்படி யாருக்கு என்று.

"டேய்" என்றேன். அவன் திரும்புவதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.