மூன்றாவது குரலுக்குக் காத்திருந்தேன்

பொங்கல் விடுமுறையில் மனைவி, மகளோடு பழவேற்காடு ஏரியில் பாய்மரப் படகேறி ஒரு தீவுக்குப் போனேன். அங்கே காலை நாஷ்டா முடித்து, திரும்புவதற்காக நானும் மகளும் படகேறிவிட்டோம். மனைவி கரையோரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பனி இறங்கி அவளை மறைத்தது.

"ஏங்க" என்றது பனிக்குள்ளிருந்து ஒரு குரல்.

"வாயத் தொறக்காத நைனா. மூணு தபா கூப்ட்டாத்தான் மனுசக் கொரலு" என்றார் படகுக்காரர். எங்கள் பக்கத்து நம்பிக்கை அது. நானும் வாய்மூடி இருந்தேன். இரண்டாவது குரல் வரவேயில்லை. அம்மாவைக் காணோம் என்று மகள் அழுததும் குதித்து ஓடினேன்.

கழுத்தளவுத் தண்ணீரில், கடல் முகத்துவாரம் நோக்கி மனைவி நடந்துகொண்டிருந்தாள். பிடித்து இழுத்தேன்.

"இன்னாங்க, நீங்கதானே 'வா, வா'ன்னு கூப்ட்டுக்கினு முன்னாடி போனீங்க?" என்றாள்.

இப்போதெல்லாம் அவளுடைய முதல் அழைப்புக்கே குரல் கொடுத்துவிடுகிறேன். நான் மௌனமாக இருந்தால் வேறு யாரோ பதில் சொல்லிவிடுகிறார்கள்.