முருங்கை மரத்தடியில் ஒரு பாறை பிட்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் பார்த்த வேலையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பூமிக்குள் ஒரு இரும்புக் குழாய் படுக்கைவாட்டில் துளைத்துக்கொண்டு போகும். அதன் தலை எங்கே இருக்கிறது என்று மேலே நடந்தே நான் கண்டுபிடிக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்ட பெண்வீட்டாரிடம் இதை விளக்கப்போய், நல்ல சம்பந்தம் ஒன்று கைநழுவியது.

சாலையை வெட்டாமல் அடியிலேயே துளை போட்டுத் தொலைபேசிக் கேபிளை இழுக்கும் எந்திரம் அப்போதுதான் எங்கள் காண்டிராக்டரிடம் வந்திருந்தது. தாம்பரத்திலிருந்து கிழக்கே சேலையூரைத் தாண்டினால் மண்ணுக்கடியில் பாறை. குழாயின் தலையில் மாட்டும் துளைமுனையான பிட், சாதாரணமானதாக இருந்தால் அதில் மழுங்கிவிடும் என்று வெளிநாட்டிலிருந்து பாறை பிட் வரவழைத்திருந்தார்கள். ஒன்றே ஒன்று. மூன்று உருளைகள், உருளை நிறைய டங்ஸ்டன் பற்கள், சுற்றும்போது ஒன்றின் பல்லிடுக்கில் மற்றொன்றின் பல் புகுந்து வரும். எங்கள் ஆபரேட்டர் அண்ணன் திருச்செங்கோட்டுக்காரர், பல வருஷம் ஆழ்துளைக் கிணறு போடும் போர்வண்டியில் இருந்தவர். சந்தனம், குங்குமம் இட்டு, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுத்தான் அதை உள்ளே விட்டார்.

"இது தொலைஞ்சுதுன்னா நாம ரெண்டு பேரும் ஊரைப் பாத்துப் போயிர வேண்டியதுதானுங்க" என்றார். காண்டிராக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார், இவ்வளவு மரியாதையாக அல்ல.

ராஜகீழ்ப்பாக்கத்தில் சாலை வளைகிற இடத்தில், வளையாமல் நேராகப் போனால் மூன்று வீட்டுத் தோட்டங்களுக்கு அடியில் போக வேண்டும். காண்டிராக்டர் யாரிடமும் கேட்கவில்லை. பன்னிரண்டு அடி ஆழத்தில் போவது யாருக்குத் தெரியப்போகிறது என்பது அவர் கட்சி. ஆனால் பிட் இருக்கும் இடத்துக்கு மேலே வந்தால் சத்தம் போடும் மஞ்சள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குள் நடக்க வேண்டியவன் நான். முதல் வீட்டில் "கேபிள் போடறோம்" என்று உண்மையைச் சொன்னேன். கேட்டைச் சாத்திவிட்டு நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

இரண்டாவது வீட்டுக்காரர் அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம், நிலத்தை மனை போட்டு விற்றவர். நான் வெளியே நின்று பெட்டியைச் சாய்த்து, இரண்டடி வைத்து, நின்று, மறுபடி சாய்ப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அது 'கீ கீ' என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"தண்ணி பாக்கற மெசினா சார்? தேங்கா வெச்சுப் பாக்கறவன் வந்து நம்மள பேஜாராக்கிட்டுப் பூட்டான். உள்ள வா சார், எங்க வூட்லயும் பாரு. காபி சாப்புட்டுகினே பாக்கலாம்."

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காபி நன்றாக இருந்தது.

அந்த வருஷம் கோடையில் தண்ணீர் லாரி வந்தால் தெருவே ஓடும். இப்படிப்பட்ட ஊரில் நீரோட்டம் பார்ப்பவனுக்குத் திறக்காத கேட் கிடையாது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. மூன்றாவது வீட்டில் கேட்பதற்கு முன்பே நானே "தண்ணி பாக்க வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு வெட்கமே இல்லை, குஷியாக இருந்தது.

அது ஒரு நர்ஸின் வீடு. நாற்பது வயது இருக்கும். கணவர் மஸ்கட்டில். நைட் டூட்டி முடித்து வந்து, தூங்காமல் லாரிக்குக் குடத்தோடு காத்திருப்பவர். வீட்டில் ஏற்கெனவே இரண்டு போர் போட்டு இரண்டிலும் புழுதிதான். "மூணாவது தடவையும் இல்லேன்னா வீட்டை வித்துட்டுப் போயிடலாம்னு அவர் எழுதிட்டார். பாத்துச் சொல்லுங்க சார்" என்றார். பிட் அப்போது முருங்கை மரத்தடியில் இருந்தது. பெட்டி அலறியது. "இங்கே நல்லா இருக்கு சிஸ்டர்" என்று சொல்லிச் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டேன். அது எனக்கு என் பிட்டின் அடையாளம்.

அன்று மாலையே, பிட் சூடாகாமலிருக்கத் துளைக்குள் வழுவழுப்பான களிமண் சேறு அடிக்கும் எங்கள் பம்ப் பழுதானது. கிண்டியிலிருந்து உதிரிப்பாகம் வரும்வரை பிட் அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் போனால், தெருமுனையில் போர்வண்டி ஒன்று பின்பக்கமாகத் திரும்பி நர்ஸ் வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது. என் பெருக்கல் குறிக்கு மேல் இரண்டு செங்கல் வைத்துக் கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். பாறையை இடித்துத் துளைக்கும் அந்த வண்டியின் சுத்தியல் நேராக இறங்கினால் எங்கள் குழாய் நசுங்கும், பிட் போகும், என் வேலையும் போகும். ஓடினேன்.

"சிஸ்டர், அங்க வேண்டாம். நீரோட்டம் நகர்ந்துடுச்சு."

"ரெண்டு நாள்லயா?"

"வெயில் காலத்துல நகரும்."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நாடித்துடிப்பை எண்ணினார். "நூத்தி முப்பது. என்ன சார் பண்ணீங்க?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேபிள், பிட், நாய், காபி, எதையும் விடவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் செங்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இந்தப் பெட்டி என்னதான் காட்டும்?"

"எங்க பிட்டை மட்டும்தான் காட்டும் சிஸ்டர்."

"நான் அதுக்குக் கற்பூரம் காட்டியிருக்கேன்."

செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. வண்டிக்காரர்கள் எங்கே இறக்கட்டும் என்று அவசரப்படுத்தினார்கள். திரும்பிப் போனால் அடுத்த முறை எப்போது வருவார்களோ. நர்ஸ் என் பக்கம் திரும்பி, "பூமிக்குள்ள போனது நீங்கதானே? வழியில என்ன பாத்தீங்க? ஒண்ணும் பாக்கலையா?" என்றார்.

பின்னாலேயே வந்து நின்ற ஆபரேட்டர் அண்ணன்தான் பதில் சொன்னார். "தெக்குச் சுவரோரம் பிட்டு சடக்குனு முன்னால விழுந்துச்சுங்க. மூணு தொட்டிச் சேத்தை அப்படியே குடிச்சுப்போட்டுது. அங்க பாறையில வெடிப்பு இருக்குதுங்க. தண்ணி இருக்குதான்னு எனக்குத் தெரியாது."

"அங்கேயே போடுங்க" என்றார் நர்ஸ்.

எங்கள் குழாயிலிருந்து ஆறடி தள்ளி நானே அளந்து இடம் காட்டினேன். சுத்தியல் இறங்கியது. முதலில் செம்மண், பிறகு வெள்ளைப் புழுதி. அரைமணி நேரத்தில் எங்கள் எல்லோர் தலையும் நரைத்துவிட்டது. திடீரென்று புழுதி நின்று, சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று சேறு பீய்ச்சியடித்தது. தெருவே கைதட்டியது. காபி கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் சுவர்மேல் ஏறி, "தண்ணி வந்துகினு கீது!" என்று கத்தினார். வண்டிக்காரர்கள் கம்பியை வெளியே எடுக்கத் தயாரானார்கள்.

நான் கொஞ்சம் அள்ளி விரலிடுக்கில் தேய்த்தேன். சோப்பு மாதிரி வழுக்கியது. அது எங்கள் சேறு. வெடிப்பு குடித்த மூன்று தொட்டியும் திரும்பி வருகிறது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பிட் பத்திரம், வேலை பத்திரம், நாளை இந்த ஊரிலேயே இருக்கமாட்டோம். ஆபரேட்டர் அண்ணனும் என்னையே பார்த்தார், அவருக்கும் தெரியும். நர்ஸ் முந்தானையால் முகத்துப் புழுதியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சேற்றுக் கையோடு அவர் முன்னால் போய் நின்றேன்.

"சிஸ்டர், நிறுத்தச் சொல்லாதீங்க. இது தண்ணி இல்ல. எங்க சேறு."

கைதட்டல் நின்றது. நர்ஸ் என் சேற்றுக் கையைப் பார்த்தார். "இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா, இல்ல இதோட முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு வண்டிக்காரர்களிடம் திரும்பி, "இறக்குங்க" என்றார்.

மறுபடி புழுதி. கூட்டம் கலைந்தது, பக்கத்து வீட்டுக்காரர் சுவரைவிட்டு இறங்கினார். சாப்பாட்டு நேரமும் போனது. நான் நகரவில்லை. நான் கும்பிடாத சாமிகளையும் அன்று கும்பிட்டேன். கம்பி மேல் கம்பியாகச் சேர்த்து இறக்கி, வண்டியில் இருந்த கம்பியெல்லாம் தீரப்போகும் நேரத்தில், சத்தம் மாறியது. முதலில் ஈரம், பிறகு கலங்கலாக ஒரு வீச்சு. அது நிற்கவில்லை.

நர்ஸ் உள்ளே போய் ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்து அதில் பிடித்து என்னிடம் நீட்டினார். "இது யாரோடது? நல்லா பாத்துச் சொல்லுங்க."

விரலை விட்டுத் தேய்த்தேன். வழுக்கவில்லை. மணல் நறநறத்தது. சில்லென்று இருந்தது. இரண்டாவது தடவையும் தேய்த்துப் பார்த்தேன், அதற்குமேல் இன்னொரு தப்பைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

"உங்களோடது, சிஸ்டர்" என்றேன்.

காலையிலிருந்து யாருக்கும் அசையாத அந்த அம்மா, டம்ளரை வாங்கிக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போய், செங்கல்லின் மேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.