ஜவஹர் ஏலத்தில் எடுத்த முகங்கள்

தி.நகரில் உஸ்மான் சாலையை ஒட்டிய சந்தில் அண்ணனோடு சேர்ந்து ஜவுளிக்கடை நடத்தும் ஜவஹருக்கு அடையாறில் வீடு. அந்த வீட்டுக் கூடத்துச் சுவர் முழுக்க அந்நிய முகங்கள். நீதிபதிகள், கப்பல் தளபதிகள், ஒரு நாடக நடிகை, நாயோடு நிற்கும் ஒரு பிரபு. எல்லோரும் இருநூறு இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் லண்டனில் அச்சான தாள்களில் இருப்பவர்கள்.

பல வருடங்களுக்கு முன்னால் கடைக்கு ஆளுயரக் கண்ணாடி ஒன்று தேவைப்பட்டது. ராயப்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை ஏலம் நடக்கும் கூடத்தில் மலிவாகக் கிடைக்கும் என்று யாரோ சொன்னதால் ஜவஹர் போனார். கண்ணாடி சரியாக அமையவில்லை. அதன் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த ஒரு கிழவரின் படத்தின் முன் நின்றுவிட்டார். பதினெட்டு வயதிலிருந்து துணியைத் தொட்டுப் பார்த்துப் பழகிய மனிதர். அந்தப் படத்திலிருந்தது போன்ற கறுப்பை அவர் நல்ல வெல்வெட்டில் தவிர வேறெங்கும் கண்டதில்லை. ஏலக்காரர் அப்துல் சமத் சுத்தியலைத் தட்டியபோது படம் ஜவஹருடையதாகியிருந்தது.

பிறகுதான் அது என்னவென்று தேடிப் படித்தார். செப்புத் தகடு முழுவதையும் பல் வைத்த கருவியால் குத்திக் குத்திச் சொரசொரப்பாக்குவார்கள். அப்படியே மை தடவி அச்சிட்டால் தாள் முழுக்கக் கறுப்பாக விழும். அதன் பிறகு, வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் சுரண்டித் தேய்த்து மழமழப்பாக்குவார்கள். மழமழத்த இடத்தில் மை நிற்காது. நெற்றி, மூக்குத்தண்டு, கழுத்துப்பட்டியின் ஓரம் என்று இருட்டுக்குள்ளிருந்து ஆள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவார். மெஸ்ஸோடின்ட் என்று பெயர். வீட்டில் அதைக் கறுப்புப் படம் என்றார்கள்.

அந்தத் தகடு சீக்கிரம் தேய்ந்துவிடும். முதலில் எடுத்த தாள்களில்தான் கறுப்பு ஆழமாக இருக்கும். பின்னால் எடுத்தவை சாம்பல் பூத்துப் போகும். ஜவஹரிடம் புல்லாங்குழல்காரன் ஒருவனின் படம் இருந்தது, கடைசியில் எடுத்த வெளிறிய தாள். அதன் முதல் தாள் ஒன்றை எப்படியாவது பிடித்துத் தரும்படி சமத்திடம் பல வருடமாகச் சொல்லி வைத்திருந்தார்.

மனைவி முத்துலட்சுமிக்குச் சாத்தான்குளம் பக்கம். படங்களைப் பற்றி அவள் நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. கடற்காற்றில் சட்டங்களுக்குள் ஈரம் ஏறும். அப்போது மட்டும் கூப்பிடுவாள். "பாத்தியளா, ஜட்ஜய்யா மூக்குல பூஞ்சை பிடிச்சிருக்கு."

ஐப்பசி மழையில் ஒரு காலை, தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்தாள். ஜவஹர் அப்போது கடையில் இருந்தார். ஆஸ்பத்திரிக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவில்லை. அது திரும்பவேயில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. மறுநாள் மாலை எல்லாம் முடிந்தது.

ஜவஹர் அழவில்லை. பெசன்ட் நகர் மயானத்திலும் அழவில்லை. கடையின் சாவி யாரிடம் இருக்கிறது, வந்தவர்களுக்குக் காப்பி போனதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் முருகன் தோளைப் பிடித்து, "ஒரு தடவ அழுதுருல" என்றார். ஜவஹர் முயன்றுகூடப் பார்த்தார். பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டால் கன்னம் தன்னுடையது இல்லை என்பது போல ஆகுமே, உள்ளே அப்படித்தான் இருந்தது.

பதினாறாம் நாளுக்கு முன்னால் மாலை போட ஒரு படம் வேண்டும் என்றார்கள். மகள் அனுப்ரியா பெங்களூரிலிருந்து வந்திருந்தாள்.

"அப்பா, அம்மா போட்டோ நல்லதா ஒண்ணு குடுங்க."

அவர் தன் கைப்பேசியில் தேடினார். நூற்றுக்கணக்கில் படங்கள் இருந்தன. புல்லாங்குழல்காரனின் விரல், தளபதியின் காது, நடிகையின் கழுத்து நகை. முத்துலட்சுமி ஒன்றில் முதுகைக் காட்டி நின்றாள். இன்னொன்றில் தோசைக்கரண்டியால் முகத்தை மறைத்திருந்தாள். படம் பிடிக்கப் போனால் அவள் எழுந்து போய்விடுவாள். இல்லையென்றால் கைப்பேசியை வாங்கி, மற்றவர்களைத்தான் எடுப்பாள். கல்யாண ஆல்பத்தில் இருந்தவளுக்கு இருபத்தொரு வயது. ஆதார் அட்டையில் இருந்தது யாரோ.

கடைசியில், கடையில் ஆயுத பூஜை அன்று எடுத்த கூட்டுப் படம் ஒன்று கிடைத்தது. இரண்டாவது வரிசையில் நிற்கிறாள். முருகனின் மனைவி இவள் தோளில் கை போட்டுத் தலையைச் சாய்த்ததில் முகத்தின் இடது ஓரம் மறைந்திருந்தது. மயிலாப்பூரில் லஸ் பக்கம் உள்ள ஸ்டுடியோவில் கொடுத்தால் தனியாகப் பிரித்து எடுத்துத் தருவார்கள் என்று அனுப்ரியா கொண்டுபோய்க் கொடுத்தாள். வந்த படத்தில் முத்துலட்சுமி சிவப்பாக இருந்தாள். கண்ணுக்குக் கீழே ஒரு சுருக்கமில்லை.

"அழகா இருக்காங்கப்பா."

"இது அவ இல்லம்மா."

மறுநாள் ஜவஹர் தானே போனார். கம்ப்யூட்டர் முன்னால் ஃபிசா என்ற பெண் இருந்தாள். மகளைவிடச் சின்னவள்.

"என்ன சார் மாத்தணும்? கலர் ஜாஸ்தியா போட்டுட்டேனா?"

"வெளிச்சம் ஜாஸ்திம்மா. மொகத்துல இருட்டே இல்ல. உதட்டுக்குக் கீழ நிழல் இருக்கணும். கண்ணுக்குக் கீழயும்."

ஃபிசா மெருகை ஒவ்வொன்றாக எடுத்தாள். அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தார். மூக்குக்கு அருகே இன்னும் கொஞ்சம் கறுப்பு. தாடைக்குக் கீழே இன்னும். கடைவாய்ப் பல் எடுத்ததால் கன்னத்தில் ஒரு குழி, அங்கே மெல்ல. திரையில் முத்துலட்சுமி வந்துகொண்டிருந்தாள். நீதிபதியின் படத்தை எடைபோடும் அதே கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. அதற்காக வெட்கமோ வருத்தமோ தோன்றவில்லை.

"லெஃப்ட் காது மறைஞ்சிருந்துச்சு சார். ரைட் காதையே திருப்பிப் போட்டிருக்கேன். அந்தக் காதுல மச்சம், தழும்பு ஏதாச்சும் உண்டா?"

ஜவஹர் யோசித்தார். தளபதியின் காதுமடலில் ஒரு வெட்டு உண்டு. நடிகையின் காதில் துளை கிடையாது. முத்துலட்சுமியின் இடது காது நினைவுக்கு வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தார். வெறும் கறுப்பாக இருந்தது. அவள் எப்போதும் அவருக்கு வலப்பக்கம்தான் படுப்பாள். அந்தக் காது முப்பது வருடமாக அவர் பக்கம்தான் இருந்திருக்கிறது.

"ஒரு நிமிஷம்மா" என்று வெளியே வந்து, ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கும் கொழுந்தியாள் சிந்துவுக்குப் போன் செய்தார். காதைப் பற்றிக் கேட்டார்.

"அத்தான், அந்தக் காது கிழிஞ்சு ஒட்டுன காதுல்லா. சின்னப் பிள்ளையில சண்டையில நான்தான் கம்மலப் பிடிச்சு இழுத்தேன். கீழ வரைக்கும் ஒரு கோடு கெடக்கும். ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியல."

எதிர்முனையில் சிந்து அழத் தொடங்கினாள். ஜவஹர் அவள் அழுது முடிக்கும்வரை போனைக் காதில் வைத்தபடி, பேருந்துகள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய், "கீழ வரைக்கும் ஒரு கோடு போடும்மா" என்றார்.

அந்தப் படத்துக்குத்தான் மாலை போட்டார்கள். சொந்தக்காரர்கள் அப்படியே இருக்கிறாள் என்று சொல்லி அழுதார்கள். சிந்து மட்டும் காதைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

அடுத்த வாரமே அப்துல் சமத்திடமிருந்து போன் வந்தது. அவருக்கு விஷயம் தெரியாது. "அண்ணாச்சி, உங்க ஆளு வந்துட்டான்! புல்லாங்குழல். அடையாறுல ஒரு பங்களா காலி பண்ற சாமானோட வந்துகீது. இன்னா கறுப்பு தெரியுமா, கை வெச்சா உள்ள போயிடும் போல கீது."

ஞாயிற்றுக்கிழமை போனார். சமத் சொன்னதில் மிகையில்லை. குழலுக்குப் பின்னால் இருந்த இருட்டு கிணறு போல இறங்கியது. வெளிறிய தாளில் தெரியாமல் போயிருந்த இமைகள்கூட இதில் தெரிந்தன. ஜவஹர் கையைத் தூக்கினார். தூக்கியே வைத்திருந்தார். எதிரே கேட்டவர் ஒருவர் விட்டுக்கொடுத்தார். சுத்தியல் விழுந்தது. பழகிய முகங்கள் வந்து கை குலுக்கின. அவர் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். படத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றே தோன்றவில்லை.

மறுநாள் மாலை சமத்தே படத்தோடு வந்தார். இத்தனை வருடப் பழக்கத்தில் அந்த வீட்டுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. கூடத்தில் மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் கையிலிருந்ததை மெல்லச் சுவரோடு சாய்த்தார்.

"யா அல்லா. அண்ணாச்சி, எப்ப?"

ஜவஹர் சொன்னார். பிறகு, டீ போடுகிறேன் என்று அடுக்களைக்குப் போனார். சர்க்கரை டப்பாவைத் தேடிப்பிடிக்க நேரமானது. டீயை வாங்கிக்கொண்டு சமத் நெடுநேரம் படத்தையே பார்த்திருந்தார்.

"அண்ணி இப்படி இருப்பாங்கன்னு தெரியாது. கொரல்தான் தெரியும்."

"கொரலா?"

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன் போடுவாங்களே. ஒரு தபா உங்க போன் ஆஃப் ஆயிட்டு, என் போன்லருந்து பேசினீங்க இல்ல, அந்த நம்பர வெச்சுக்கினாங்க போல. ஏலம் முடிஞ்சுதான்னு கேப்பாங்க. நான் சொல்வேன், இன்னும் நாலு லாட் சாமான் கீது அண்ணி, அண்ணாச்சி எழுந்துக்கிற மாதிரி தெரியலன்னு. அப்ப சாதம் அப்புறம் வடிக்கிறேன்னு சொல்லி வெச்சிடுவாங்க."

"எங்கிட்ட சொன்னதில்லையே."

"நானும் சொன்னதில்ல. சொல்ற விஷயமா அது?"

ஞாயிற்றுக்கிழமைகளில் எந்நேரம் வீட்டுக்கு வந்தாலும் சோறு ஆவி பறந்துகொண்டிருக்கும். அது எப்படி என்று ஜவஹர் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது அதை நினைத்ததும் நெஞ்சில் ஏதோ அசையும் என்று காத்திருந்தார். அசையவில்லை. வயிறு பசித்தது. மத்தியானம் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சமத் போன பிறகு டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தார். புல்லாங்குழல்காரன் பிரிக்காத தாளுக்குள் சுவரோடு சாய்ந்திருந்தான். தை பிறந்த பிறகுதான் ஜவஹர் அதைப் பிரித்தார். அன்று பிரிக்கவில்லை. அரிசி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மகளுக்குப் போன் செய்தார்.

"அனு, ஒரு டம்ளர் அரிசிக்கு எவ்வளவு தண்ணி?"

"மூணு வைங்கப்பா. குக்கர்னா. ஏம்ப்பா, ஓட்டல்ல வாங்கலயா?"

"இல்ல" என்றார். குக்கர் மூடியை எப்படிப் பூட்டுவது என்று அடுத்ததாகக் கேட்டார். அவள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். சோறு குழைந்துவிட்டது. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, நின்றபடியே முழுவதையும் சாப்பிட்டார்.