வராத பூச்சிக்குப் பயந்த வீடுகள்

வாட்ஸ்அப்பில் அந்தக் குரல் பதிவை அனுப்பிய ஐயா, நீர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் நீர் செய்தது அநியாயம். புல்லு வெட்டுகிறவனுக்கு மெஷின் முதல் இல்லை. வீட்டுக்காரர் வேலைக்குப் போன பிறகும் அவர் வளவுக் கேற்றைத் திறந்து உள்ளே போகலாம் என்று கையில் தருகிற திறப்புத்தான் முதல். நீர் கை வைத்தது அதில்.

“அமெரிக்காவிலை பதினேழு வருசம் மண்ணுக்குள்ளை கிடந்த சில்வண்டு லட்சம் லட்சமாய்க் கிளம்புது. அடுத்தது ரொறன்ரோதான். எல்லா மேப்பிள் மரத்துக்குக் கீழையும் கிடக்கு. உங்கடை புல்லு வெட்டுற ஆளுக்கு உது தெரியும், வாய் திறக்கமாட்டார்.” நீர் பேசியதன் சாரம் இதுதானே? முதல் வசனம் சரி. அந்த வைகாசியில் அமெரிக்காவின் நடுப்பகுதியில் அது கிளம்பியது உண்மை. சிக்காகோவில் இருக்கிற என் தங்கச்சி ஜன்னலைத் திறந்து போனில் கேட்கவும் வைத்தாள். ஆனால் ரொறன்ரோ மண்ணில் அந்தப் பூச்சி இல்லை. இங்கே இருப்பது வேறு சாதி. பச்சை உடம்பு, கறுத்தக் கண். வருடா வருடம் ஆடி, ஆவணியில் கத்திவிட்டுப் போய்விடும். நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் இருபத்திரண்டு வருடமாக ஸ்காபரோ மண்ணைக் கிண்டுகிறவன்.

வீட்டு வீடாய்ப் போய்ப் பிழைக்கிற என் சக சீவன்களே, குழாய் திருத்துகிறவர்களே, கூரை போடுகிறவர்களே, நான் பட்டதைக் கேளுங்கள். உங்களுக்குத்தான் விளங்கும்.

மேப்பிளுக்கு மணவறை

அஜின்கோர்ட்டில் ரமேஷ் என்று ஒருவர். கலியாண வீடுகளுக்கு மணவறை சோடிப்பது அவர் தொழில். பதிவைக் கேட்டவுடன், மணவறைக்குப் பின்னால் தொங்கவிடுகிற வலைத்துணியை எடுத்துவந்து பூச்சி ஏறாதபடி பின்வளவு மேப்பிளைச் சுற்றிக் கட்டிவிட்டார். கரையில் சரிகை வேறு. நான் புல்லு வெட்டப் போனபோது மரம் தாலிக்குக் காத்திருக்கிற பொம்பிளை மாதிரி நின்றது.

மெஷினை நிறுத்தினால் ஒரே கீச்சுக் கீச்சு. கிளையில் ரொபின் குருவியின் கூடு. குஞ்சுகள் வலைக்கு உள்ளே. தாய் வெளியே, வேலியில், வாயில் புழுவோடு அங்குமிங்கும் ஓடுகிறது. எனக்குக் கோபம் வந்தால் கை முந்திவிடும். கத்தரிக்கோலை எடுத்தேன். ரமேஷ் பாய்ந்து வந்தார். “அண்ணை, அண்ணை! உது இந்தியாவிலையிருந்து இறக்கின துணி!”

“அதுக்குள்ளை மூண்டு குஞ்சு பசியிலை கிடக்கு, ஐசே. உமக்குத் துணி பெரிசோ?” என்று கத்திக்கொண்டே ஓர் ஆள் உயரத்துக்குக் கிழித்துவிட்டேன். ஒரு நிமிடம் செல்லவில்லை, தாய் உள்ளே போய்விட்டது. பிறகு ரமேஷ் மெல்லச் சொன்னார்: “சரி, வெட்டினது வெட்டினதுதான். சரிகைக் கரையை மட்டும் விடுங்கோ, சனிக்கிழமை ஒரு பெட்டையின்ரை சாமத்தியவீடு சோடிக்கக் கிடக்கு.”

புது மண்

பிக்கரிங்கில் புது வீடு வாங்கிய ஓர் அன்ரி. தரை இறுகிப்போனதால் துளை போடுகிற மெஷினை இறக்கினேன். “போடாதேங்கோ தம்பி, உதுகள் முழிச்சிடும்!” என்று வழியை மறித்துக்கொண்டு நின்றார். அன்ரி, இது லொறியில் வந்து கொட்டின மண், இதுக்குள் மண்புழுவே இல்லை, பூச்சி எங்கே இருந்து வரும் என்று விளக்கினேன். அவர் முகம் தெளியவில்லை, இன்னும் இருண்டது. “அப்ப வீடு வித்தவன் எங்களை ஏமாத்திப்போட்டான் எண்டு சொல்லுங்கோ!”

காகம் வராத திவசம்

ஆவணியில் மல்வேர்னில் இருந்து சிவநேசன் போன் எடுத்தார். அன்று அவருடைய தகப்பனாரின் திவசம். “அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. என்ரை வளவுக்கு என்ன மருந்து அடிச்சனீங்கள்? காலமையிலையிருந்து படைச்சு வைச்சிருக்கிறன், ஒரு காகம் எட்டியும் பாக்கேல்லை. பூச்சிக்கு ஒளிச்சு அடிச்சிருக்கிறியள், அந்தப் பதிவிலை சொன்னது சரிதான் போலை கிடக்கு.”

நான் மருந்தே தொடுவதில்லை. அது என் தொழிலில் நான் எனக்குப் போட்ட சட்டம். போன வேகத்தில் வண்டியைச் சரியாகக்கூட நிறுத்தவில்லை. பின்பக்கப் பலகை டெக்கில் வாழையிலை, சோறு, வடை, பாயசம். ஆறிக் காய்ந்து கிடந்தன. அண்ணாந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு மரத்தில் இரண்டு காகங்கள், காலுக்குள் எதையோ அமத்திப் பிடித்துக் கொத்திக்கொண்டிருந்தன. கண்ணாடி மாதிரி ஒரு செட்டை சுழன்று சுழன்று வந்து வாழையிலையிலேயே விழுந்தது. இங்கத்தைய சில்வண்டின் செட்டை.

“பாருங்கோ, மருந்து இல்லை, விருந்து! அமெரிக்காவிலை முந்தி ஒருக்கா குருவியள் எல்லாம் சில்வண்டைத் தின்னப் போக, மசுக்குட்டிப் புழுவைக் கவனிக்க ஆளில்லாமல், அதுகள் ஓக் மர இலையை அரிதட்டு மாதிரி ஓட்டை ஓட்டையாய் ஆக்கிப்போட்டுதாம். விருந்து அப்பிடிப்பட்டது. உங்கடை காகமும் சில்வண்டு தின்னுது” என்றேன். சிவநேசன் காதைப் பொத்தினார். “சும்மா இருங்கோ அண்ணை, எங்கடை அப்பா சுத்த சைவம்!”

ஜெயந்தி அக்காவின் பேரம்

இது ஆனியில் தொடங்கியது. மல்வேர்னில் ஜெயந்தி அக்கா, பன்னிரண்டு வருட வாடிக்கை. பின்வளவில் ஒரு பழைய மேப்பிள். அந்த வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான் நிழல். “தம்பி, உந்தப் பூச்சி கிளம்ப முந்தி மரத்தை வெட்டோணும். பெர்மிட்டுக்கு எழுதப்போறன். உம்மாலை ஏலாட்டிக் கேற்றுத் திறப்பைத் தாரும், வேறை ஆளைப் பிடிக்கிறன்” என்றார்.

கத்தினேன். அக்காவும் கத்தினார். பிறகுதான் நான் எதில் கெட்டிக்காரன் என்பது ஞாபகம் வந்தது. பேரத்தில். “அக்கா, அமெரிக்கப் பூச்சிக்குக் கண் சிவப்பு. ஆவணி முடியிறதுக்கிடையிலை ஒரு சிவத்தக் கண் பூச்சியைக் காட்டுங்கோ. மரத்தையும் வெட்டித் தாறன், இந்தத் தொழிலையும் விடுறன்.”

“ஒண்டு காணுமோ?”

“ஒண்டே காணும்.”

“செத்தது எண்டாலும் கணக்கோ?”

“செத்ததும் கணக்கு.”

ஆடி பிறந்து இரண்டாம் கிழமை போன் வந்தது. “வாரும். பிடிச்சிட்டன்.” போனேன். மரத்திலும் வேலியிலும் சில்வண்டு கழற்றிப்போட்ட கோதுகள். அக்கா கையில் ஓர் அச்சாறுப் போத்தல், உள்ளே ஒன்று இரைந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டு வருட அனுபவம் இருந்தும், பொய் சொல்லக்கூடாது, எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. என் தொழிலே அந்தப் போத்தலுக்குள் கிடந்தது. மூடியைத் திறந்து உள்ளங்கையில் எடுத்து அக்காவின் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டார். வெயிலுக்குத் திரும்பச் சொன்னார். மற்றக் கண்ணையும் காட்டச் சொன்னார். இரண்டும் கறுப்பு.

கையை விரித்தேன். பூச்சி கிளம்பி வேலியைத் தாண்டவில்லை. எங்கிருந்தோ ஒரு புளூ ஜே குருவி வந்து அப்படியே கவ்விக்கொண்டு போனது. அக்கா வெறும் போத்தலை மூடினார். “கண் கறுப்புத்தான், தம்பி. திறப்பை நீரே வைச்சிரும். ஆனாலும் அந்தப் பதிவிலை கதைச்சவர் நல்லாய்ப் படிச்ச ஆள் மாதிரியெல்லே கதைச்சவர்!”

அந்த மேப்பிள் நிற்கிறது. ஒரு சொட்டு மருந்து அடிக்காமல், ஒரு கிளை வெட்டாமல், வாயாலேயே நிறுத்திவைத்தவன் நான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் அந்தப் பதிவைக் கேட்டு மூன்று வீட்டுக்காரர் என்னிடமிருந்து வாங்கிய திறப்பை இன்னும் திருப்பித் தரவில்லை. போகிற வழியில் கண்டால் பனியில் வழுக்கினவர்கள் மாதிரி மற்றப் பக்கம் திரும்புகிறார்கள். ஆகவே, படித்த ஐயா, பொய்யை நாலு நிமிடம் இழுத்துப் பேசினீர், அதே குரலில், அதே ஆட்களுக்கு, “ரொறன்ரோவில் அந்தப் பூச்சி இல்லை, புல்லு வெட்டுகிறவன் ஒன்றையும் ஒளிக்கவில்லை” என்று ஓர் அரை நிமிடம் பேசி அனுப்பும். அதற்குப் படிப்பே தேவையில்லை.